ஆற்றங்கரையிலிருந்து வருசநாடு வரை: ஒரு மலையாற்றைப் பின்பக்கமிருந்து படிக்க முழுமையான வழிகாட்டி

சிறுவயதில் வகுப்பில் வைகையை வரையச் சொன்னார்கள். நான் அதற்குப் பழுப்பு வண்ணம் அடித்தேன். வாத்தியார் அதன் மேலேயே நீலத்தைத் தேய்த்துத் திருத்தினார். பரமக்குடிப் பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து வளர்ந்தவன் நான். கீழே மணலும் சீமைக் கருவேலமும்தான் தெரியும். இன்றைக்கும் எனக்கு அந்தப் பழுப்புதான் சரியென்று படுகிறது.

ஒரு சிறிய மலையாற்றின் புவியியலை நேரில் போய், அளந்து, வரைந்து தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டு வைகை. நீளம் 258 கிலோமீட்டர். எண்ணூறு கிலோமீட்டர் ஓடும் காவிரிக்குப் பக்கத்தில் வைத்தால் சின்ன ஆறுதான். தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையில் பிறந்து, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களைத் தொட்டு, ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆற்றங்கரை என்ற ஊர் அருகே பாக் விரிகுடாவில் சேர்கிறது. புத்தகங்கள் ஊற்றில் ஆரம்பித்துக் கடலில் முடிக்கும். நீங்கள் கடலில் ஆரம்பியுங்கள். கடைமடையில் இருக்கும் நமக்கு ஆற்றைப் பற்றிய கேள்வி எப்போதும் ஒன்றுதான்: தண்ணீர் வந்ததா, வரவில்லை என்றால் எங்கே நின்றது? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேல்நோக்கி நடந்தால் அணை, கண்மாய், சரிவு, மழை எல்லாம் ஒவ்வொன்றாகப் பதிலாக வந்து நிற்கும்.

இதை ஒரே பயணத்தில் முடிக்க முடியாது. ஓர் ஆண்டில் ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்குங்கள்.

புறப்படும் முன்

முதலில் வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்களை இணையத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆறு போகும் எல்லாத் தாள்களையும் எடுத்து, அச்சிட்டு, ஒட்டி, வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். கைப்பேசித் திரையில் ஓர் ஆற்றை முழுதாகப் பார்க்கவே முடியாது. ஒன்று அது முடி போல மெலிந்திருக்கும், இல்லையென்றால் ஒரு வளைவு மட்டும் திரையை அடைத்துக்கொள்ளும்.

சுவரில் மாட்டியவுடனே ஒன்று கண்ணில் படும். தேனிப் பக்கத்துத் தாள்களில் சம உயரக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். ராமநாதபுரத்துத் தாள்களில் அந்தக் கோடுகளைத் தேட வேண்டும். 20 மீட்டருக்கு ஒரு கோடு என்பது கணக்கு. நம் மண் அந்த அளவுக்கு ஏறி இறங்குவதே இல்லை. அதற்குப் பதிலாக நீலத் திட்டுகள், அரைவட்டமாக, நூற்றுக்கணக்கில் இருக்கும். அவை கண்மாய்கள். நம் ஊரில் நிலத்தின் சரிவைச் சொல்வது அவற்றின் கரைகள்தான்: கரை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கம் தாழ்வு.

சாமான்கள் அதிகம் வேண்டாம். 30 மீட்டர் டேப், பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட மூங்கில் கழி, நோட்டு, பென்சில், நாலைந்து ஆரஞ்சுப் பழம், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர், மூடி இறுகிய சில பாட்டில்கள், ஒரு சிறு புட்டி வினிகர். மணலுக்கு எதற்கு வினிகர் என்று கேட்பீர்கள். வருகிறேன்.

முதல் படி: முகத்துவாரத்தில் நான்கு முறை நில்லுங்கள்

ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே அழகன்குளத்தைத் தாண்டினால் ஆற்றங்கரை. ஒரே இடத்துக்கு நான்கு முறை போகச் சொல்வது இதற்கு மட்டும்தான்: மே மாதம், ஜூலை, அக்டோபர் கடைசி, டிசம்பர்.

ஏன் என்றால், முகத்துவாரம் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக இருக்கும். ஆற்றில் வரத்து இல்லாத மாதங்களில் அலையும் கரையோர நீரோட்டமும் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாயில் திட்டுப் போடும். உள்ளே உப்பங்கழியில் நிற்பது கடல் தண்ணீர், அல்லது கடலும் ஊற்றும் கலந்தது. மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அந்தத் திட்டை அறுத்துக்கொண்டு போகும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. கடல்மட்ட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வாயைத் தினமும் கழுவித் திறந்து வைக்கும் வலு அந்தக் கடலுக்கு இல்லை.

ராமேஸ்வரம் தீவின் இரண்டு பக்கத்துக் கடலையும் மீனவர்கள் பெண்கடல், ஆண்கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். வடக்கே பாக் விரிகுடா பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் குமுறும், பெண்கடல் குளம் போலக் கிடக்கும். வாடை பிறந்தால் நிலைமை மாறும். வைகை வெள்ளம் வருவதும் அந்த வாடைக் காலத்தில்தான். வெளியே கடல் தள்ள, உள்ளே ஆறு தள்ள, நடுவில் மணல் திட்டு என்ன ஆகிறது என்று டிசம்பரில் பார்த்துவிட்டால் கழிமுகம் என்றால் என்ன என்று யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அங்கே செய்ய வேண்டியவை இவை. மூங்கில் கழியை முகத்துவாரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஊன்றி, காலை முதல் மாலை வரை மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். வாயிலிருந்து உள்நோக்கி அரைக் கிலோமீட்டருக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35,000 மில்லிகிராம் உப்பு. குடிநீருக்கு இந்தியத் தரக்கட்டுப்பாடு 500 வரை சரி என்கிறது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. கடையில் கிடைக்கும் சாதாரண டிடிஎஸ் மீட்டர் பத்தாயிரத்தை எட்டுவதற்குள் கையை விரித்துவிடும். ஒரு பங்கு உப்பங்கழித் தண்ணீரோடு ஒன்பது பங்கு மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ கலந்து அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். இப்படி எடுத்த எண்களை வரைபடத்தில் எழுதிவைத்தால், கடல் ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது என்பது தெரியும். மே மாதத்து எண்ணுக்கும் டிசம்பர் எண்ணுக்கும் உள்ள தூரம்தான் அந்த ஆண்டு வைகையின் பலம்.

இப்போது வினிகர். ஒரு சிட்டிகை உலர்ந்த மணலில் நாலு சொட்டு விடுங்கள். சிப்பி, சங்கு, பவளத் துகள் கலந்த கடல்மணல் பொரியும். மலைப்பாறை அரைந்து வந்த ஆற்றுமணல் சும்மா இருக்கும். முகத்துவாரத்தில் நூறு நூறு மீட்டர் தள்ளி எடுத்துப் பாருங்கள். எது வரை கடலின் கை, எது வரை ஆற்றின் கை என்று மண் சொல்லிவிடும்.

இங்கே என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை போனபோது நீரோட்டம் பார்க்கக் காலி பாட்டில் ஒன்றை மிதக்கவிட்டேன். அது கடல்பக்கம் போகாமல் மேற்கே, ஊர்ப்பக்கம், ஒய்யாரமாகப் போனது. ஆறு பின்னோக்கி ஓடுகிறது என்று நோட்டில் எழுதியே விட்டேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். “தம்பி, அது காத்துல போகுது. தண்ணிய பாக்கணும்னா தண்ணிக்குள்ள முங்குற சாமானாப் போடுங்க” என்றார். அன்றிலிருந்து ஆரஞ்சு. அது தலை மட்டும் வெளியே தெரிய மிதக்கும். காற்றுக்குப் பிடி கொடுக்காது.

முகத்துவாரத்தை முடிக்கும் முன் அழகன்குளத்துக்குள் ஒரு நடை போய் வாருங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87 முதல் அங்கே பலமுறை அகழ்ந்திருக்கிறது. ரோமானியக் காசுகளும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்தன. கப்பல்காரன் ஆற்று வாயைத் தேடி வந்ததற்குப் புவியியல் காரணம் எளிது: அலைக்கு ஒதுங்க இடம், குடிக்க நல்ல தண்ணீர், உள்நாட்டுக்கு வழி. மேலே மதுரைக்குப் பக்கத்தில் கீழடியும் இதே ஆற்றின் ஓரத்தில்தான்.

இரண்டாம் படி: ஆறு எங்கே முடிகிறது என்று கண்டுபிடியுங்கள்

கடல் சிவனுக்கு நஞ்சு கொடுத்தது, அதனால் வைகை கோபித்துக்கொண்டு கடலுக்குள் போகவில்லை என்று பழைய புலவர்கள் சொல்லிவைத்தார்கள். அழகான பொய். ஆனால் அதற்குள் ஒரு துல்லியமான கவனிப்பு இருக்கிறது: பெரும்பாலான ஆண்டுகளில் வைகை நீர் கடலை எட்டுவதற்குள் கண்மாய்களில் ஏறிவிடுகிறது.

மேலிருந்து வரும் தண்ணீர் பார்த்திபனூர் மதகு அணையில் இடது, வலது கால்வாய்களாகப் பிரிகிறது. மீதி ஆற்றிலேயே பரமக்குடி தாண்டி வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் விழுகிறது. அது நிரம்பி மிஞ்சினால்தான் கடலுக்கு. ஆகவே வைகைக்கு இரண்டு முகத்துவாரம்: ஒன்று புத்தகத்தில் உள்ள ஆற்றங்கரை, இன்னொன்று பெரிய கண்மாயின் உள்வாய். நான் என் வரைபடத்தில் இரண்டையும் குறித்திருக்கிறேன்.

ஒரு கண்மாயைப் படிக்க நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். வரத்துக்கால் எந்தத் திசையிலிருந்து வருகிறது, கரை எவ்வளவு நீளம், மடைகள் எத்தனை, கலுங்கு எங்கே. கலுங்குதான் முக்கியம். கண்மாய் நிரம்பிய பின் மிச்சத்தை வெளியே விடும் வாய் அது. கலுங்கில் நின்றுகொண்டு, அந்த வழியே ஆடு மேய்த்துக்கொண்டு வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் கலுங்குத் தண்ணி அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகும்?” அவர் ஓர் ஊரின் பெயரைச் சொல்வார். அங்கே போய் அதே கேள்வியைக் கேளுங்கள். இப்படி ஐந்தாறு கண்மாய் போனால் ஒரு சங்கிலி கிடைக்கும். எந்த வரைபடத்திலும் இந்தச் சங்கிலி கோடாக வரையப்பட்டிருக்காது. நீங்கள்தான் வரைய வேண்டும். சில இடத்தில் சங்கிலி அறுந்திருக்கும். வரத்துக்காலில் கருவேலம் மண்டியிருக்கும், அல்லது அதன்மேல் ரோடு போயிருக்கும். அந்த அறுந்த இடத்தைச் சிவப்பில் குறியுங்கள்.

ஊர்ப்பெயர்களையும் விடாதீர்கள். ஏந்தல் என்று முடியும் ஊர் ஒரு நீர்நிலையை ஒட்டி எழுந்தது. குளம், ஊருணி என்று முடிவனவும் அப்படியே. தாளில் இந்தப் பெயர்களை மட்டும் வட்டமிட்டுப் பாருங்கள். பழைய நீர்வழிகள் சில தானாகவே கண்ணுக்குத் தெரியும்.

வைகையின் கிளைக்கால் நீர் ராஜசிங்கமங்கலம் கண்மாய் வரை போகிறது. “நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை” என்று சொல்வார்களே, அதுதான். நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம், நாற்பத்தெட்டு மடை என்று பொருள். நேரம் இருந்தால் சக்கரக்கோட்டைக் கண்மாய்க்கும் போங்கள். பறவைகள் வரும் இடம். 2025-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மனிதன் வெட்டிய கண்மாய் உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அணையில் மிஞ்சும் நீரைப் பூர்வீகப் பாசனத்துக்குப் பிரிக்கும்போது மதுரைக்கு 2, சிவகங்கைக்கு 3, ராமநாதபுரத்துக்கு 7 என்று பங்கு சொல்வார்கள். பெரும்பங்கு நமக்குத்தான். ஆனால் பங்கு காகிதத்தில் பிரிகிறது, தண்ணீர் மணலில் நடந்து வர வேண்டும். அது எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை நான்காம் படியில் நீங்களே அளக்கப் போகிறீர்கள்.

மூன்றாம் படி: சரிவை ரயிலில் படியுங்கள்

இது சுலபமான படி, செலவும் குறைவு. மதுரை – ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்காருங்கள். சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி, மானாமதுரை, பரமக்குடி, சத்திரக்குடி, ராமநாதபுரம் என்று பாதை ஆற்றின் கூடவே வருகிறது. ஒவ்வொரு நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையிலும் கீழே கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கால அட்டவணையில் எடுத்து, தூரத்தைக் கிடையாகவும் உயரத்தைச் செங்குத்தாகவும் போட்டால் வைகைச் சமவெளியின் நெடுக்குவெட்டுப் படம் தயார்.

மதுரை நூறு மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லை. மறுபக்கம், மேகமலைப் பகுதி 1,500 மீட்டர் உயரம். தேனி 300 மீட்டர் அளவு. மொத்த இறக்கத்தின் பெரும்பகுதியை ஆறு தன் நீளத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே செலவழித்துவிடுகிறது. மிச்சத் தூரம் முழுக்கத் தவழ்ந்துதான் வருகிறது. மேலே பாறையை உருட்டும் ஆறு நம் ஊரில் வண்டலை இறக்கி வைத்துவிட்டுப் பரந்து படுப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். கண்மாய்கள் ஆழமாக இல்லாமல் அகலமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கிக் கணினியில் வரையலாமே என்று தோன்றும். இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும், கூகுள் எர்த்திலும் பார்க்கலாம். மலைப்பகுதிக்கு அது நன்றாகவே உதவும். நம் பக்கத்தில் கவனம் தேவை. அதில் சில மீட்டர் பிழை சாதாரணம்; பனங்காட்டின் தலையையே தரை என்று எண்ணிக்கொள்ளும். மொத்த நிலமே சில மீட்டர்தான் சரிகிறது எனும்போது சில மீட்டர் பிழை ஆற்றையே மேட்டில் ஓடவைத்துவிடும்.

நான்காம் படி: ஓடும் நீரை அளங்கள்

அணையில் தண்ணீர் திறந்திருக்கும் நாள்களில் செய்ய வேண்டியது. முதலில் பாதுகாப்பு. வைகை அணையின் நீர்மட்டம் 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முழு அளவு 71 அடி. செய்தியில் 66 என்று கேட்டால் ஆற்றுக்குள் இறங்கும் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தாலும் முழங்காலுக்கு மேல் போகாதீர்கள்; மணல் அள்ளிய குழிகள் மேலே பார்த்தால் தெரியாது. கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே அடி வையுங்கள். தனியாக மட்டும் போகவே கூடாது.

நேராக ஓடும் ஓர் இடத்தைத் தேர்ந்து 20 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் குச்சி நடுங்கள். தண்ணீரின் அகலத்தை அளங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் கழியை விட்டு ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். பிறகு ஆரஞ்சைப் போட்டு, முதல் குச்சியிலிருந்து இரண்டாவது குச்சிக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். ஐந்து முறை செய்து சராசரி.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அகலம் 12 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்றால் வெட்டுப் பரப்பு 6 சதுர மீட்டர். ஆரஞ்சு 20 மீட்டரை 40 நொடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் நொடிக்கு அரை மீட்டர். அடியில் மணல் பிடித்து இழுப்பதால் மொத்தத் தண்ணீர் அந்த வேகத்தில் போகாது, 0.85-ஆல் பெருக்கினால் 0.425. அதை 6-ஆல் பெருக்க, நொடிக்கு 2.55 கனமீட்டர். நம் ஊர்ச் செய்தித்தாள் பாஷையில் சொல்ல 35.3-ஆல் பெருக்குங்கள்: 90 கன அடி. இதே அளவில் ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 78 லட்சம் கன அடி. பக்கத்துக் கண்மாயின் கொள்ளளவு தெரிந்தால் அது நிறைய எத்தனை நாளாகும் என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும்.

உண்மையான பயன் இனிமேல்தான். நண்பர்களை இரண்டாகப் பிரித்து, ஒரே நாளில் மானாமதுரையிலும் பரமக்குடிக்கு மேலேயும் அளங்கள். வழியில் கால்வாய்க்குப் பிரிந்ததையும் விசாரித்துக் கழித்துவிட்டால், மீதி வித்தியாசம் மணல் குடித்தது. காய்ந்த மணல் படுகையில் முதலில் வரும் தண்ணீர் பாதி வழியிலேயே காணாமல் போகும். நாலைந்து நாள் ஓடி மணல் ஊறிய பின்தான் முனை முன்னேறும். அந்த ஈர முனை வருவதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, நாய் மோப்பம் பிடிப்பதுபோல, பள்ளம் தேடித் தேடி வரும்.

(சித்திரையில் அழகர் இறங்குவதற்காகத் தண்ணீர் விடுவார்கள். மதுரையில் மட்டுமல்ல, எங்கள் பரமக்குடியிலும் அழகர் வைகையில் இறங்குகிறார். இங்கே அவர் பெரும்பாலும் மணலில்தான் இறங்குகிறார் என்பது வேறு விஷயம்.)

ஐந்தாம் படி: நீர்ப்பிரி கோடும் அதில் உள்ள ஓட்டையும்

இனி மேலே. சுவரில் மாட்டிய தாளில், எந்த மேட்டில் விழும் மழை வைகைக்கு வரும், எது வராது என்று மலைமுகடு வழியாகப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் நீர்ப்பிரி கோடு. சம உயரக் கோடுகள் மேட்டைப் பார்த்து ‘வ’ போல மடிந்தால் அங்கே ஓடை இருக்கிறது. தாழ்வைப் பார்த்து மடிந்தால் அது முகடு. முகடுகளையே பிடித்துக்கொண்டு போனால் கோடு ஒரு சுற்று வந்து மூடும். உள்ளே அகப்படுவது ஏறக்குறைய 7,000 சதுர கிலோமீட்டர்.

வடக்கே பழனி மலைத்தொடர். அங்கிருந்து வராக நதியும் மஞ்சளாறும் மருதாநதியும் இறங்குகின்றன. தெற்கே வருசநாடு, ஆண்டிபட்டி மலைகள். நடுவில் கம்பம் பள்ளத்தாக்கு வழியே சுருளியாறு. மூல வைகை வருசநாட்டிலிருந்து வடக்கு நோக்கி இறங்கி, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக வந்து இவற்றோடு சேர்கிறது. நிலக்கோட்டைப் பக்கம் மலையைச் சுற்றித் திரும்பித் தென்கிழக்காக மதுரைக்கு வருகிறது. ஆறு முதலில் வடக்கே ஓடிப் பிறகு தென்கிழக்கே திரும்புவது பலருக்குத் தெரியாது; நானும் கோட்டை வரைந்த பிறகுதான் கவனித்தேன்.

இப்போது அந்த ஓட்டை. மேற்கு முகட்டுக்கு அப்பால் விழும் மழை பெரியாற்றுக்குப் போய் அரபிக்கடலில் சேர வேண்டியது. பென்னிகுயிக் கட்டி 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணை அந்த நீரைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்புகிறது. அது சுருளியாற்றில் கலந்து வைகைக்கு வருகிறது. இயற்கை போட்ட கோட்டில் மனிதன் வைத்த துளை அது. உங்கள் வரைபடத்தில் அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி போட மறக்காதீர்கள். அது இல்லாமல் வைகையின் கணக்கு எப்போதும் உதைக்கும்.

இதனால் வைகை இரண்டு பருவமழைகளின் பிள்ளை ஆகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை முகட்டுக்கு அப்பால் கொட்டும். அது சுரங்கம் வழியாக வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வருசநாட்டிலும் பழனி மலையிலும் பெய்யும். மூல வைகை உயிர் பெறுவது பெரும்பாலும் அப்போதுதான். ராமநாதபுரத்துக்கு ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டி. அதில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில். ஜூலையில் நம் ஊரில் ஆற்றில் தண்ணீர் வந்தால், அது கேரள எல்லையில் பெய்த மழை என்று தைரியமாகச் சொல்லலாம்.

வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. இந்த இரண்டு மழைகளும் சந்திக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அதற்கும் கீழே பேரணை, சித்தணை, விரகனூர், பார்த்திபனூர் என்று வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு கைப்பிடி மணல் எடுத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து கடல் வரை மணல் சீராகப் பொடியாகிக்கொண்டே வரும் என்று பாடம் சொல்லும். அப்படி வராது, தடுப்பு ஒவ்வொன்றும் கல்லையும் மணலையும் நிறுத்தி வைத்துக்கொள்வதால் இடையிடையே எட்டிக் குதிக்கும்.

ஆறாம் படி: மலை

மூல வைகையின் மேல்பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, 2021-இல் அறிவிக்கப்பட்டது. வெள்ளிமலை, அரசரடிப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. நான் முதல் முறை சோதனைச்சாவடியிலிருந்து திரும்பி வந்தவன். நியாயமாகத்தான் திருப்பி அனுப்பினார்கள். அனுமதி கிடைக்காவிட்டாலும் வருத்தம் வேண்டாம். வருசநாடு, கடமலைக்குண்டு வரை பொதுச்சாலையிலேயே ஆற்றைப் பக்கத்தில் பார்க்கலாம். கோம்பைத்தொழு அருகே சின்னச்சுருளி அருவி இருக்கிறது.

அங்கே போய்ப் பார்க்க வேண்டியது கற்களைத்தான். ஓடையில் கிடக்கும் கற்களில் இருபதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, நீள அகலம் அளந்து, முனை மழுங்கியதா கூராக இருக்கிறதா என்று எழுதுங்கள். பத்துக் கிலோமீட்டர் கீழே வந்து அதையே மறுபடி செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் கல் உருண்டையாகிறது என்பது ஆச்சரியமாக இருக்கும். ஆற்றங்கரையில் எடுத்துவைத்த மணல் புட்டியை இங்கே கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இது அதன் தாத்தா என்று நண்பர் ஒருவர் சொன்னார். வினிகரும் விட்டுப் பார்த்தோம். பொரியவில்லை.

வரைந்து முடித்த பிறகு

எல்லா எண்களையும் ஒரே தாளில் ஏற்றுங்கள்: நீர்ப்பிரி கோடு, கிளையாறுகள், சுரங்கத்து அம்புக்குறி, தடுப்பணைகள், கண்மாய்ச் சங்கிலி, அறுந்த இடங்கள், உப்பு ஏறிய எல்லை. தண்ணீர் ஓடும் மாதங்களுக்கு நீலம், மற்றதற்குப் பழுப்பு. நீலம் எங்கே எத்தனை மாதம் என்று ஆற்றின் ஓரத்திலேயே சிறு எண்ணாக எழுதிவிடலாம். மேலே பெரிதாக இருக்கும் எண், பார்த்திபனூர் தாண்டினால் ஒற்றை விரலில் வந்து நிற்கும்.

அப்புறம் அடுத்த ஆண்டுக்குக் குண்டாறு இருக்கிறது. அதே மலைக் கூட்டத்தின் கிழக்குச் சரிவில் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக வந்து மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஒரு மலையின் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பெண்கடலுக்கு, இளையவன் ஆண்கடலுக்கு. மதுரையிலிருந்து வரும் கிருதுமால் நதியும் குண்டாற்றில்தான் சேர்கிறது என்பதால் இரண்டுக்கும் நடுவில் நீர்ப்பிரி கோடு போடுவது வைகைக்குப் போட்டதைவிடச் சிக்கல். சமவெளியில் கண்மாய்க் கலுங்குகளை ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் கோட்டை நகர்த்த வேண்டும். காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக் கால்வாய் முடிந்தால் அந்தக் கோட்டிலும் ஒரு புதிய அம்புக்குறி வரும்.

மூக்கையூரிலிருந்து ஆரம்பியுங்கள். கச்சான் காலத்தில் முகத்துவாரத்தில் இறங்க வேண்டாம். குடிதண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள்.